பூட்டு எந்தப் பக்கம்

போனை வைத்துவிட்டாய். வைத்துக்கொள். பேச்சை நடுவில் வெட்டலாம், எழுத்தை வெட்ட முடியாது. அதனால்தான் அடுப்பில் சோறு கொதிக்கும்போதே பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும், பெரிதாக்கிப் படி. நடுவில் கஸ்டமர் வந்தால் அவரைக் கவனித்துவிட்டு மறுபடி வந்து படி, ஆனால் சாயந்திரத்துக்குள் படித்துவிடு. நாளைக் காலையில் படித்துப் பிரயோஜனமில்லை.

நாளைக்கு பந்த். எதற்காக என்றோ அவர்கள் கேட்பது நியாயமா என்றோ நான் எழுதப் போவதில்லை. நியாயமாகவே இருக்கட்டும். ஊர்வலம் போகிறவர்களில் பாதிப் பேர் நம்மிடம் வேட்டி சட்டை எடுப்பவர்கள்தான். எனக்குக் கவலை அவர்களைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, விலைச்சீட்டு ஒட்ட வேண்டும், பந்த் என்று ஒரு நாள் வீணாகப் போகக் கூடாது என்று நீ ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாய். விடிவதற்கு முன்பே வேன் அனுப்பி வேலைக்கு வரும் பெண்களை விழுப்புரம் கடைக்குக் கூட்டி வந்து உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டு போட்டுவிடுவாய். சாயந்திரம் எல்லாம் அடங்கியதும் திறந்துவிடுவாய். "வெளிய பூட்டு தொங்கினா எவனும் கிட்ட வர மாட்டாம்மா. உள்ள அவங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கினு பத்திரமா இருப்பாங்க. நீ ஏன் சும்மா பேஜார் பண்ற?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் போய்விட்டது. டவர் இல்லை என்று சொல்லாதே. உன் கடை பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். உன் கடையில் வேலை செய்கிற ஒரு பெண் போன் பண்ணினாள். யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்; கண்டுபிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "அம்மா, அண்ணன் நாளைக்கு வரச் சொல்லிட்டாருங்க. வூட்ல பயப்படறாங்க. வரலைன்னா அண்ணன் கோச்சுக்குவாருங்களா?" என்று கேட்டாள். அதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "நான் யாரையும் கட்டாயப்படுத்தலம்மா. வர்றீங்களான்னுதான் கேட்டேன். எல்லாரும் சரின்னாங்க." ஆமாம், சரி என்றுதான் சொல்வார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, திண்டிவனத்தில் உன் தாத்தாவின் கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டியவள்தான் உன் அம்மா. முதலாளி "வர்றியாம்மா" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் அதற்கு இரண்டு பதில் உண்டு என்று அந்த வயதில் எனக்கும் தெரியாது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். சோறு குழைந்துவிட்டது. உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் தின்பார்.

உன் தாத்தா உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். நீ சின்னப் பையனாக அவர் மடியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். ஒரு பந்த் அன்று ரோட்டில் இருந்த கடைகளில் எல்லாம் கல் விழுந்ததாம், ஒரு கடையில் பெயர்ப் பலகையையே பிடுங்கிப் போட்டார்களாம், நம் கடை மட்டும் தப்பித்ததாம். ஒரு புடவை கூடக் கருகவில்லையாம். "ஏன் தெரியுமா? வெளிப்பூட்டு. நம்ம பூட்டுதாண்டா அன்னிக்கிக் காப்பாத்திச்சு" என்று தொடையைத் தட்டிச் சொல்வார். நீயும் கூடவே தட்டுவாய். சற்று முன் போனில் "தாத்தா டெக்னிக்" என்று நீ சொன்னது இந்தக் கதையைத்தான். அந்தக் கதையில் ஒரே ஒரு விஷயத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பூட்டுக்கு உள்ளே நாங்கள் இருந்தோம்.

ஏழு பேர். எல்லாரும் பெண்கள். நான், உனக்குத் தெரிந்த தனம் அத்தை, இன்னும் ஐந்து பேர். அன்றைக்கும் இதே பேச்சுத்தான்: சரக்கு வந்திருக்கிறது, வியாபாரம் இல்லாத நாள், உட்கார்ந்து சீட்டு ஒட்டிவிடலாம். பூட்டு போடச் சொன்னது உன் தாத்தா. போட்டது உன் அப்பா. அப்போது அவருக்கு உன் வயது கூட இல்லை. போடுவதற்கு முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து எங்களைப் பார்த்து, "ஃபேன் போடாதீங்க, லைட்டு போடாதீங்க. என்ன ஆனாலும் சத்தம் மட்டும் வெளிய வரக் கூடாது. நான் எதிர்ல டீக்கடையிலதான் இருப்பேன்" என்றார். டீக்கடையும் அன்றைக்கு மூடித்தான் இருந்தது. அதன் தட்டிக்குப் பின்னால் நின்று காவல் பார்ப்பதாக ஏற்பாடு. சாவி அவர் சட்டைப் பையில்.

முதலில் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. மேற்பார்வை இல்லை, கஸ்டமர் இல்லை, கீழே பாய் விரித்து உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் சீட்டு ஒட்டிக்கொண்டு குசுகுசுவென்று சினிமா பேசினோம். தனம் முறுக்கு கொண்டு வந்திருந்தாள். கடித்தால் சத்தம் வரும் என்று வாயில் ஊற வைத்துத் தின்றோம். ஊர்வலம் வந்தது. கோஷம் கிட்டத்தில் கேட்டது, கடந்து போனது. பிறகு எங்கேயோ போலீஸ் விசில் ஊத, திபுதிபுவென்று ஓட்டம். ரோட்டின் நடுவில் எரித்துக்கொண்டிருந்த டயர்களில் ஒன்றை யாரோ உதைத்தார்களோ, அதுவாக உருண்டதோ, நம் கடைப் படியில் வந்து ஷட்டரில் சாய்ந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. கடையைக் கொளுத்த வந்தவர்களாக இருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், தெரியுமல்லவா? அதன் வழியாகப் புகை வந்தது. டயர்ப் புகை மற்ற புகை மாதிரி இல்லை. தொண்டைக்குள் தார் ஊற்றியது போல இருந்தது. அடைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பழைய துணி தேடினோம். ஜவுளிக்கடைக்குள் நிற்கிறோம், கையெட்டும் தூரத்தில் கட்டுக் கட்டாகப் புதுத் துண்டு அடுக்கியிருக்கிறது, மூச்சு முட்டுகிறது, அப்போதும் தரை துடைக்கிற துணி எங்கே என்று இருட்டில் தடவிக்கொண்டிருந்தோம். புதுச் சரக்கை நனைத்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்று பயம். இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு இருமினோம். சத்தம் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. உன் கடைப் பெண்கள் எல்லாம் பிளஸ் டூ படித்தவர்கள், கையில் போன் வைத்திருப்பவர்கள், அப்படி இருக்க மாட்டார்கள் என்று சொல்வாய். இருப்பார்களடா. காலையில் போன் பண்ணியவள் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை, நீ கோபித்துக்கொள்வாயா என்றுதான் கேட்டாள்.

தனம்தான் முதலில் மீறினாள். துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோலை எடுத்து ஷட்டரில் அடிக்க ஆரம்பித்தாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "அடியே, கல்லு விடுவாங்கடி" என்றாள். "விட்டா விடட்டும், ஆள் கீறோம்னாவது தெரியட்டும்" என்று உதறிவிட்டு அடித்தாள். வெளியே நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. பூட்டு தொங்குகிறது, உள்ளிருந்து சத்தம் வருகிறது. பிறகு ஒரு ஆண் குரல், "டேய், உள்ள பொம்பளைங்க இருக்காங்கடா" என்று கத்தியது. ஊர்வலத்தில் வந்தவன்தான். கையில் கல் வைத்திருந்தவன்தான். அந்தக் கல்லாலேயே பூட்டை உடைத்தான். இன்னும் இரண்டு பேர் டயரைக் கம்பியால் இழுத்துப் போட்டார்கள். நாங்கள் வெளியே வந்து விழுந்தபோது அவன் எங்களைத் திட்டினான். "பூட்டினு உள்ள உக்காந்துக்கினு இருக்கீங்களே, பைத்தியமா நீங்க? யாரு பூட்டினது?" என்றான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அப்புறம் எந்த ஊர்வலம் போனாலும் முகம் முகமாகப் பார்ப்பேன்.

உன் அப்பா வந்தார். போலீஸ் விரட்டியதில் அவரும் ஓடியிருக்கிறார். நின்றிருந்தால் முதல் அடி அவருக்குத்தான் விழுந்திருக்கும், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். சந்து சந்தாகச் சுற்றி, கடைப்பக்கம் புகையைப் பார்த்து, திரும்பி ஓடி வந்தார். படியில் தனம் நினைவில்லாமல் கிடக்கிறாள், நாங்கள் அவள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறோம், பூட்டு உடைந்து கீழே கிடக்கிறது, இவர் சாவியைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நிற்கிறார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர் போல நீட்டிக்கொண்டே நின்றார். தீயணைப்பு வண்டி அந்த வழியாகத்தான் முன்னாடியே ஒரு தடவை போனதாம். பூட்டிய கடை, ஆளில்லை என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இதை மட்டும் உன் மண்டையில் ஏற்றிக்கொள். கல் எறிகிறவனிடம் உன் பூட்டு என்ன பொய் சொல்கிறதோ, அதே பொய்யைத்தான் காப்பாற்ற வருகிறவனிடமும் சொல்லும்.

உன் அப்பா வீட்டில் எந்தச் சாவியையும் தொட மாட்டார் என்று நீ எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாய். நாம் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றுவிடுவார், கதவை நான்தான் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகும், "எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?" என்று கேட்பார். நீ, "இல்லப்பா, பாத்ரூம்ல ஒரு யானை இருக்கு" என்பாய். அவரும் சிரிப்பார். அப்படியே தனம் அத்தையின் இட்லிக் கடை. மேலே தகரம், நான்கு பக்கமும் திறப்பு, கதவே கிடையாது. "கல்லாவையாவது பூட்டுங்க அத்தை" என்று நீ சொன்னபோது, "போடா, எனக்குக் கதவு வெச்சா காத்து வராது" என்றாள். அவளுக்குக் காற்று மேல் ஏன் அவ்வளவு ஆசை என்று நீ கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மருமகளாக வந்த வீட்டில் மாமனாரின் பெருமையை எதற்குக் கெடுப்பது என்று முதலில் இருந்தேன், பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தக் கதை உன்னிடம் வந்து வியாபாரத் தந்திரமாக வளர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு உன் அப்பா என்னை வந்து கேட்டபோது நான் கேட்ட ஒரே சீர், கடைக்குப் பின்பக்கம் ஒரு கதவு. சிரிக்காதே. உன் தாத்தா, "திருடனுக்கு வழி வெக்கச் சொல்றியா?" என்று குதித்தார். அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்து சுவரை இடித்தார். அந்த ஒரு நாள்தான் அவர் தாத்தாவை எதிர்த்துப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் நம் திண்டிவனம் கடையில் பந்த் என்றால் பந்த்தான். உள்ளே ஒரு ஆள் இருக்கக் கூடாது. இன்று காலையிலிருந்து அப்பா என்ன செய்கிறார் பார்: வாசலில் நிற்கிற பொம்மைகளை உள்ளே எடுத்துவிட்டார். ஃபிளெக்ஸ் கழற்றியாகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் பலகை அடித்துவிட்டார். வாசலில் வண்டி எதுவும் நிறுத்தக் கூடாது என்று பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். ஜெனரேட்டர் டீசல் கேன் வீட்டுக்கு வந்துவிட்டது, என் சமையலறை நாறுகிறது. வேலையாட்களை மூன்று மணி பஸ்ஸுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறார்; நாளைச் சம்பளம் உண்டு. இவ்வளவுக்கும் மேல் கல் விழுந்தால் விழட்டும். கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம்.

உன் கடையை நினைத்தால்தான் எனக்கு உட்கார முடியவில்லை. ஆடித் தள்ளுபடிக்கு வந்தபோது பார்த்தேன். பின்பக்கக் கதவு இருக்கிறது, ஆனால் அதை மறைத்து அட்டைப்பெட்டி கூரை வரை நிற்கிறது. "அது கோடவுன் பக்கம்மா, யாரு போகப் போறாங்க" என்றாய். மாடி முழுக்க அழகாகக் கண்ணாடி ஒட்டி அடைத்துவிட்டாய், ஒரு ஜன்னல் திறக்காது. ஷட்டருக்கு மோட்டார் வைத்திருக்கிறாய். கரண்ட் போனால் வெளியிலிருந்துதான் தூக்க வேண்டும் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். அதற்கு மேல் ஒரு பூட்டு. சாவி உன் பையில். உன்னைப் போலீஸ் விரட்டினால் நீயும் ஓடத்தான் செய்வாய். ஓடு, அடி வாங்காதே, அதைத்தான் நான் வேண்டிக்கொள்வேன். நீ ஓடினால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? மரக்காணத்திலிருந்து வருகிற பெண்ணின் அப்பா கடலுக்குப் போயிருப்பார். மண்டகப்பட்டுப் பெண்ணின் அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருப்பாள். பெண் கடைக்குள் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை எழுதியதை, சாப்பிட வந்த உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்க வேண்டாமா? டயர் உருண்ட இடம் வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "எழுதினா மட்டும் கேட்டுடப் போறானா?" என்றார். "அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?" என்றேன். உள்ளே போனவர் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஜல்தியா கெளம்பு. சாயந்திரம் பஸ் நிறுத்திடுவாங்க."

ஆகவே கேட்டுக்கொள். நாங்கள் கிளம்புகிறோம். பொழுது சாய்வதற்குள் விழுப்புரத்தில் இருப்போம். நீ இதைப் படித்துவிட்டு எல்லாப் பெண்களுக்கும் போன் பண்ணி, நாளைக்கு லீவு, சம்பளம் உண்டு, வேன் வராது என்று சொல்லிவிட்டாயானால், நாங்கள் சும்மா மகனைப் பார்க்க வந்தவர்கள். "வர்றீங்களா?" என்று கேட்காதே, "வராதீங்க" என்று சொல். நாளை முழுக்க வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்போம்; ராத்திரி வேக வைக்கப் பச்சை மல்லாட்டை ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்.

சொல்லவில்லை என்றால், காலையில் வேனிலிருந்து இறங்குகிற பெண்களோடு நானும் உள்ளே போய் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுவேன். எனக்கு அந்த வேலை தெரியும். அப்பாவும் என் பக்கத்தில் உட்காருவார். இந்தத் தடவை உள்ளேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். நீ ஷட்டரை இறக்கிக்கொள், பூட்டு போட்டுக்கொள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போடு.

அப்பா தெருவில் போய் நின்றுவிட்டார். நான் வீட்டைப் பூட்ட வேண்டும்.

அம்மா